கேட்டாள், அவர் இசைந்தார்

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "இப்போ என்ன படிக்கிறே?" என்று பக்கத்து இலையிலிருந்து பெரியப்பா கேட்டார். "நாஸ்டிக் நூல்கள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சாம்பாரை மறந்து நிமிர்ந்து பார்த்தார். "என்னடே, நாஸ்திகனாயிட்டியா?"

அவர் மேல் தப்பில்லை. தமிழ்க் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். உள்ளே இருக்கும் சங்கதிதான் நேர் எதிர். நாஸ்திகனுக்குக் கடவுளே கிடையாது. கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் வாழ்ந்த இந்த நாஸ்டிக்குகளுக்கோ கடவுள் உண்டு, அவரிலிருந்து புறப்பட்டவர்கள் உண்டு, அவர்களிலிருந்து புறப்பட்டவர்கள் உண்டு, எண்ணி மாளாது. கிரேக்கத்தில் 'க்னோசிஸ்' என்றால் அறிதல். நம் 'ஞானம்' வடமொழி 'ஜ்ஞான' வழியாக வந்தது. அதற்கும் க்னோசிஸுக்கும் ஒரே வேர். ஆகவே ஞானவாதிகள் என்று எழுதிவிடலாம், பாயசம் வருவதற்குள் பெரியப்பாவையும் சமாளித்துவிடலாம்.

அவர் அதோடு விட்டாலும் என்னை வேறொரு கேள்வி விடவில்லை. ஏன் இத்தனை பேர்?

இவர்களை நாம் நேரடியாகப் படிக்க முடிவதே ஒரு மண் ஜாடியின் புண்ணியம். 1945 டிசம்பரில் மேல் எகிப்தில், நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே ஜபல் அல்-தாரிஃப் என்ற மலையடியில் உர மண் தோண்டப் போனவர்களின் கையில் அது கிடைத்தது. கண்டெடுத்த முகமது அலி அல்-சம்மான் பின்னாளில் சொன்ன கதைப்படி, முதலில் அதை உடைக்கவே அவருக்குப் பயம். உள்ளே ஜின் இருந்தால்? பிறகு பொன் இருந்தால் என்ற ஆசை பயத்தை வென்றது. உடைத்தார். வந்தது பாப்பிரஸ் ஏடுகள். தோலுறை போட்ட புத்தகக் கட்டுகளாக 13, அவற்றில் 52 நூல்கள், எல்லாம் கிரேக்கத்திலிருந்து எகிப்தின் பழைய காப்டிக் மொழிக்குப் பெயர்த்தவை. சில தாள்களை அவர் அம்மா அடுப்பெரித்துவிட்டார் என்பதும் அதே கதையில் வரும். கதை முழுவதும் அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்த ஜின் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு ஜின்னுக்குப் பயந்து தயங்கியவரின் ஜாடிக்குள் நூற்றுக்கணக்கான பேர் பெயர் விலாசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஜாடியில் ஒரே நூல் மூன்று படிகளாக இருந்தது: யோவானின் இரகசிய நூல். நான்காவது படி ஒன்று ஏற்கெனவே 1896-இல் கெய்ரோவில் வாங்கப்பட்டு பெர்லினுக்குப் போயிருந்தது. நான்கு படிகள் தப்பிப் பிழைத்த நூல் என்றால் அந்தக் காலத்தில் பலர் விரும்பிப் படித்திருக்க வேண்டும். நானும் விரும்பித்தான் ஆரம்பித்தேன். நாலாம் பக்கத்தில் தூக்கம் வந்தது. ஒரே பெயர்ப் பட்டியல். அப்புறம் வழிக்கு வந்தது தினத்தாள் காலண்டரால். கிழித்த தாள்களைப் பின்பக்கம் எழுதலாம் என்று சேர்த்துவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அதில் ஒரு தாளை எடுத்து, சொத்துத் தகராறில் வம்சாவளி போடுவது போல, மேலே ஒரு புள்ளி, கீழே கோடுகள் என்று போட்டுப் பார்த்தேன். பட்டியல் மெல்லக் கதையாக மாற ஆரம்பித்தது.

மேலே உள்ள புள்ளிக்குப் பெயர் இல்லை. காணப்படாத ஆவி என்கிறது நூல். அவரைக் கடவுள் என்று நினைப்பதுகூடச் சரியில்லையாம், அதற்கும் மேலாம். பெரியவரும் இல்லை, சிறியவரும் இல்லை. அளக்க முடியாதவர், ஏனென்றால் அளப்பதற்கு அவருக்கு முன்னால் யாருமே இல்லை. இப்படியே பக்கம் பக்கமாக இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு, திடீரென்று ஒரு காட்சி. அவரைச் சுற்றி ஒளி நீராக நிற்கிறது. அந்த நீரில் அவர் தன்னையே பார்க்கிறார். பார்த்த எண்ணம் ஓர் ஆளாக எழுந்து அவர் முன்னால் நிற்கிறது. அவள்தான் பார்பெலோ. முதல் எண்ணம், எல்லோருக்கும் தாய்.

கிணற்றில் எட்டிப் பார்த்த குழந்தை நிழலைக் கூப்பிட்டதும், நிழல் பதில் சொன்ன மாதிரி. புறப்படுதல் என்று இவர்கள் சொல்வது இதைத்தான். குயவன் பானை செய்வது போல யாரும் எதையும் செய்யவில்லை. கடவுள் தன்னை நினைத்துக்கொள்கிறார். நினைத்தது இன்னொருவராக நிற்கிறது. அவர் குறைவதும் இல்லை.

அடுத்துதான் எனக்குத் தூக்கம் வந்த பகுதி. பார்பெலோ, தனக்கு முன்னறிவு வேண்டும் என்று கேட்டாள், ஆவி இசைந்தார், முன்னறிவு வந்து நின்று இருவரையும் போற்றியது. அழியாமை வேண்டும் என்று கேட்டாள்; அவர் இசைந்தார்; அழியாமை வந்து நின்றது. நித்திய வாழ்வு கேட்டாள்; இசைந்தார். உண்மை கேட்டாள், இசைந்தார். பிறகு ஒரே ஒரு பிள்ளை, ஒளிப்பொறியாகப் பிறக்கிறது. அந்தப் பிள்ளை மனம் வேண்டும் என்று கேட்கிறது, ஆவி இசைகிறார். அந்தப் பிள்ளையிலிருந்து நான்கு பெரும் சுடர்கள்: ஹார்மோசேல், ஓரோயாயேல், தவேய்தாய், எலேலேத். ஒவ்வொரு சுடரோடும் மூன்று ஏயான்கள் (இப்படிப் புறப்பட்டு நிற்பவர்களுக்கு நூல் தரும் பெயர்), ஆகப் பன்னிரண்டு. கேட்டல், இசைதல், நிற்றல், போற்றல். கோயில் மணி மாதிரி அதே தாளம்.

பன்னிரண்டாவது, எல்லோருக்கும் கடைசி, சோஃபியா. ஞானம் என்று பொருள். அவளுக்கும் ஒரு எண்ணம் வருகிறது, தன்னிலிருந்து ஓர் உருவம் வேண்டும் என்று. இங்கே தாளம் தப்புகிறது. அவள் கேட்கவில்லை. ஆவி இசையவில்லை. அவளுடைய துணைவனுக்கும் தெரியாது. எண்ணம் மட்டும் சும்மா போகவில்லை, அவளுக்குள்ளும் வல்லமை இருந்ததே. வந்து பிறந்தது சிங்க முகம் கொண்ட பாம்பு. கண்கள் மின்னல் வெட்டுவது போல எரிந்தன.

வம்சாவளியில் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் முதல் பக்கங்களின் அலுப்பு எதற்கென்று புரிந்தது. பத்து முறை 'கேட்டாள், இசைந்தார்' என்று காதில் விழுந்தால்தான் பதினோராவது முறை அது விழாதபோது சுருக்கென்று தைக்கும். எழுதியவர் விவரம் தெரிந்தவர். பாவம், சாபம், கலகம் என்று ஒரு பெரிய வார்த்தைகூடப் போடவில்லை. இசைவு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சோஃபியா பயந்துபோய் அந்தப் பிள்ளையை யார் கண்ணிலும் படாதபடி ஒளிமேகத்தில் சுற்றி, மேகத்தின் நடுவில் ஒரு சிம்மாசனம் போட்டு உட்காரவைக்கிறாள். யால்தபாவோத் என்று பெயர். சக்லாஸ் என்றும் சொல்வார்கள், அரமேயத்தில் மடையன். சமாயேல் என்றும் சொல்வார்கள், குருட்டுத் தெய்வம். மேகத்துக்குள்ளேயே வளர்ந்ததால் அம்மாவையும் தெரியாது, அதற்கு மேலே யாரையும் தெரியாது. தன்னந்தனியாக ஓர் உலகத்தை உண்டாக்கி, ஏழு வானங்களுக்கு ஏழு அரசர்களைப் போடுகிறான். கிரேக்கத்தில் ஆர்க்கோன்கள், அதிபதிகள். ஒருவனுக்கு ஆட்டு முகம், ஒருவனுக்குக் கழுதை முகம், ஒருவனுக்குக் கழுதைப்புலி, ஒருவனுக்கு ஏழுதலைப் பாம்பு, ஒருவனுக்குக் குரங்கு. வேலையெல்லாம் முடிந்ததும் சுற்றிலும் பார்த்துச் சொல்கிறான்: நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறே தேவன் இல்லை.

எரிச்சலுள்ள தேவன் என்பது என் மொழிபெயர்ப்பு இல்லை. யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகள் வரும் இடத்தில் தமிழ் வேதாகமத்தின் சொல் அதுதான். சண்டே ஸ்கூல் தேர்வுக்கு அந்த அதிகாரத்தை ஆச்சிதான் எனக்கு மனப்பாடம் பண்ணவைத்தாள். திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டே, நான் சறுக்கும் இடத்தில் முறத்தை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பாள். ஒருநாள் கேட்டேன். "ஆச்சி, வேற சாமியே கிடையாதுல்லா? அப்ப ஆண்டவருக்கு யார் மேல எரிச்சல்?" முறம் நின்றது. நான் வசனத்தில் சறுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். "ஏல, வசனத்தச் சொல்லு. பரீட்சைல இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

பரீட்சையில் கேட்கவில்லைதான். முப்பது வருடம் கழித்து யோவானின் இரகசிய நூலில் அதே கேள்வி இருந்தது. யால்தபாவோத் இப்படி அறிவித்ததன் மூலம் இன்னொரு தேவன் உண்டென்று தன் தூதர்களுக்குத் தானே காட்டிக்கொடுத்துவிட்டான், வேறொருவர் இல்லையென்றால் யார் மேல் அவனுக்கு எரிச்சல் வரும் என்று அந்த நூல் கேட்கிறது. புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சிரித்தேன். விசுவாசிகளுக்கு இது எவ்வளவு கசக்கும் என்றும் தெரியும். மோசேயின் கடவுளை எடுத்து மேகத்துக்குள் வளர்ந்த விவரம் தெரியாத பிள்ளையாக்குவது சின்ன விஷயம் இல்லை. யூதர்களின் வேதத்தை இப்படித் தலைகீழாகத் திருப்பியது எனக்கும் முழுக்கச் சம்மதமில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் திண்ணையில் விட்டுவிட்டு வந்தவன் நான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் உண்டு.

ஞானவாதிகள் என்று ஒரே மதம் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். நாஸ்டிசிசம் என்ற பொதுப் பெயரே 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உண்டானது. பல குழுக்கள், பல வம்சாவளிகள். பஸிலிதேஸ் என்ற ஆசானைப் பின்பற்றியவர்கள் 365 வானங்கள் என்றார்கள்; அவற்றின் தலைவனுக்கு அப்ரசாக்ஸ் என்று பெயர், அந்தப் பெயரின் கிரேக்க எழுத்துகளை எண்களாகக் கூட்டினால் சரியாக 365. எல்லாவற்றிலும் நேர்த்தியான குடும்பம் வலெந்தினஸின் மாணவர்களுடையது. எகிப்தில் பிறந்து, அலெக்சாந்திரியாவில் படித்து, 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் போதித்தவர் வலெந்தினஸ்.

அவர்கள் போட்ட முதல் எட்டுப் பேர் நான்கு தம்பதிகள். ஆழமும் மௌனமும். மனமும் உண்மையும். சொல்லும் உயிரும். மனிதனும் சபையும். தமிழில் எழுதினால் உப்பில்லாமல் இருக்கிறது, இல்லையா? காரணம் நம் இலக்கணம். ஆழம், மௌனம், மனம் எல்லாம் நமக்கு அஃறிணை. கிரேக்கத்தில் ஆழம் ஆண்பால், மௌனம் பெண்பால். மனம் ஆண், உண்மை பெண். சொல் ஆண், உயிர் பெண். ஆழத்துக்கு மௌனம் மனைவி என்பது அவர்கள் காதில் பாதி வேலையை இலக்கணமே செய்து முடித்த கல்யாணம். நமக்கு அது உவமையாக மட்டும் நிற்கிறது. மௌனி என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்து, அவள் வயிற்றில் மனம் பிறந்தது என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் அருகில் வரும்.

சொல்லும் உயிரும் பத்துப் பேரைத் தந்தார்கள், மனிதனும் சபையும் பன்னிரண்டு பேரை. ஆக முப்பது. இந்த முப்பது பேரும் சேர்ந்த இடத்துக்கு பிளெரோமா, தமிழ் வேதாகமம் பரிபூரணம் என்று பெயர்க்கும் அதே சொல். ஏன் முப்பது? இயேசு ஊழியம் தொடங்கும் முன் முப்பது வருடம் இருந்தாரே என்றார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு வேலையாள் தேடிய உவமையில் எஜமான் முதல் மணி, மூன்றாம் மணி, ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி நேரங்களில் போகிறானே, கூட்டிப் பாருங்கள் என்றார்கள். கூட்டினேன். முப்பதுதான்.

இங்கேயும் முப்பதாவது சோஃபியா. ஆனால் குற்றம் வேறு. தகப்பனாகிய ஆழத்தை முழுக்க அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். எல்லோருக்கும் உள்ள ஆசைதான். மனம் ஒன்றுக்குத்தான் அவரைக் காணக் கொடுத்துவைத்தது, மற்றவர்கள் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். இவள் கடைக்குட்டி, பாய்ந்துவிட்டாள். அந்த இனிமையில் கரைந்தே போயிருப்பாள், எல்லை என்று ஒருவன் நடுவில் நின்று தடுத்திருக்காவிட்டால். அவளைத் திரும்ப அவளிடத்தில் நிறுத்திவிட்டு, அவளுடைய தவிப்பை மட்டும் பிரித்து வெளியே தள்ளினார்கள்.

வெளியே விழுந்த தவிப்பு தனி ஆளாக அலைகிறது. அதற்கு அகமோத் என்று பெயர். அழுகிறாள், பயப்படுகிறாள், திகைக்கிறாள், விட்டுவந்த வெளிச்சத்தை நினைத்து நடுவே சிரிக்கவும் செய்கிறாள். அந்தக் கண்ணீரிலிருந்து உலகத்தின் நீர், சிரிப்பிலிருந்து ஒளி, துக்கத்திலிருந்தும் திகைப்பிலிருந்தும் கல்லும் மண்ணுமான கெட்டிப் பொருள். உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு நான் படித்த பதில்களில் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை. நாற்காலியில் முட்டி இடித்தால், நீங்கள் இடித்துக்கொண்டது உறைந்துபோன ஒருத்தியின் துக்கத்தில்.

இவ்வளவு விவரமும் நமக்குத் தெரிவது இதை வெறுத்த ஒருவரால். லியோன் நகரத்து ஆயர் இரேனியஸ், கிட்டத்தட்ட 180-இல், இவர்களை மறுத்து ஐந்து பாகங்கள் எழுதினார். மறுப்பதற்காக விரிவாக எழுதிவைத்தார். மனிதருக்கு நக்கல் நன்றாக வரும். கண்ணீர் உப்பாயிற்றே, அப்படியானால் கடல் மட்டும்தானே வரும், ஆறும் ஊற்றும் எங்கிருந்து வந்தன, ஒருவேளை அவளுக்கு வியர்த்திருக்குமோ என்று கேட்கிறார். வியர்வையும் உப்புத்தான் என்பது கேலி செய்யும் அவசரத்தில் மறந்துவிட்டது போலும். இன்னோர் இடத்தில், நானும் ஒரு வம்சாவளி போடுகிறேன் பார் என்று ஆரம்பித்து, ஆதியில் சுரைக்காய் இருந்தது, அதனோடு வெறுமை இருந்தது, இரண்டும் சேர்ந்து வெள்ளரிக்காயைத் தந்தன, கூடவே முலாம்பழமும் என்று முடிக்கிறார். 1,800 வருடம் கழித்தும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் சுரைக்காய்க்குத் தவிப்பு கிடையாது. அதைத்தான் அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

ரோமில் 3-ஆம் நூற்றாண்டில் போதித்த தத்துவவாதி பிளோட்டினஸின் கண்டனம் இதைவிடக் கனமானது. பெயர்களைப் பெருக்கிக்கொண்டே போனால் உண்மையைத் துல்லியமாகக் கண்டுவிட்டதாகத் தோன்றும், ஆனால் அதனாலேயே மேலுலகத்தையும் இந்தக் கீழுலகம் போல ஆக்கிவிடுகிறீர்கள் என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வகுப்புக்கு வந்த ஞானவாதிகள் கையில் வைத்திருந்த நூல்களின் பெயர்களை அவருடைய மாணவர் போர்ஃபிரி குறித்துவைத்தார். அவற்றில் சோஸ்திரியானோஸ், அல்லோகெனெஸ் என்ற பெயர்களில் நூல்கள் நாக் ஹம்மாதி ஜாடியில் இருந்தன.

கீழே உள்ள அதிபதிகளுக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தில் எபேசியர் நிருபம் 'துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும், இப்பிரபஞ்சத்தின் அந்தகார லோகாதிபதிகளோடும்' நமக்குப் போராட்டம் என்கிறது. ஜாடியிலிருந்த நூல் ஒன்று இந்த வசனத்தை மேற்கோள் காட்டித்தான் ஆரம்பிக்கிறது. துரைத்தனம் என்ற பழைய சொல்லைத் தாண்டி எனக்கு வேறு நல்ல சொல் அகப்படவில்லை. உத்தியோகம் பார்க்கும் ஆவிகள் இவை. யாக்கோபின் முதல் வெளிப்பாடு என்ற நூலில், செத்தபின் மேலே ஏறும் ஆன்மாவை மறிக்க மூன்று சுங்கக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுங்கம் கேட்பதோடு ஆன்மாக்களைத் திருடவும் செய்வார்களாம். நீ யார் என்று கேட்டால், நான் ஒரு மகன், தகப்பனிடமிருந்து வருகிறேன் என்று சொல் என யாக்கோபுக்குச் சொல்லித்தரப்படுகிறது. இந்தச் சுங்கச்சாவடி நினைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. தெற்கு ஈராக்கிலும் ஈரானின் கூஜிஸ்தானிலும் வேர்விட்டு, இப்போது பெரும்பாலும் சிதறிப்போன மாந்தேயர் என்ற ஞானவாத சமயத்தார் வெள்ளை உடுத்தி ஓடும் ஆற்றில் முழுக்கெடுப்பவர்கள். ஒளியுலகவாசிகளை அவர்கள் உத்ரா என்பார்கள், செல்வம் என்று பொருள். இறந்தவரின் ஆன்மா காவல் சாவடிகளைக் கடந்து, தராசோடு உட்கார்ந்திருக்கும் அபாத்தூரிடம் போய் நிற்க வேண்டும்.

அந்த ஏழு அதிபதிகளைச் சொல்லி முடித்ததும், வாரத்தின் ஏழு இதுதான் என்கிறது யோவானின் இரகசிய நூல். அதை எழுதிக்கொண்டிருந்த தாளைத் திருப்பினால் முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், குளிகை. ஏழு, பன்னிரண்டு, முப்பது, 365. நான் வம்சாவளி என்று போட்டுக்கொண்டிருந்ததே ஒரு காலண்டரைத்தான். ஏயான் என்ற சொல்லுக்கும் ஊழி என்றே பொருள். மேலே உள்ளவர்கள் ஊழிகள். கீழே உள்ள அதிபதிகள் நேரத்தையும் அளவையும் வைத்து மனிதரைக் கட்டிப்போட விதியை உண்டாக்கினார்கள் என்று நூல் சொல்கிறது. விதிக்கு நம் பழைய சொல் ஊழ்.

365 வருவது மனித உடம்பில். மேலிருந்து ஓர் உருவத்தின் நிழல் தண்ணீரில் விழ, அதைப் பார்த்து அதிபதிகள் ஆதாமைச் செய்கிறார்கள். 365 தூதர்கள், ஆளுக்கு ஒரு வேலை. அந்த நான்கு படிகளில் நீளமானவற்றில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வலது கண் அஸ்தெரெக்மே, இடது கண் தஸ்பொமோகா, பற்கள் ஆமென், கைநகங்கள் கிரிமன். கடைவாய்ப்பல்லுக்குத் தனி ஆள், இபிக்கன். போன வருடம் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தபோது, மரத்துப்போன வாயோடு அவனை நினைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தும் உடம்பு எழுந்திருக்கவில்லை. 365 பேரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள், அது அசையாமல் கிடக்கிறது. முகத்தில் ஊது என்று யால்தபாவோத்துக்கு யோசனை சொல்லப்படுகிறது. ஊதுகிறான். ஊதியது அவனுடைய மூச்சு என்று நினைத்தான். போனது அம்மாவிடமிருந்து வந்த வல்லமை. ஆதாம் அசைந்தான், ஒளிர்ந்தான், செய்தவர்களைவிடப் புத்திசாலியாக இருந்தான். உடனே அவர்களுக்கு எரிச்சல்.

பட்டியல் கால்நகங்கள் வரை வந்து, பிறகு வெப்பம், குளிர், ஆசை, துக்கம், பயம் இவற்றை ஆள்பவர்கள் வரை நீளுகிறது. இன்னும் சிலரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், வேண்டுமானால் சரதுஸ்திரரின் நூலில் பார்த்துக்கொள் என்று யோவானிடம் சொல்லப்படுகிறது. என் தாளில் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டு, மற்ற தாள்களோடு கிளிப்பில் மாட்டினேன்.